இருளாண்டியின் இலக்கக் கொப்பி

சோதனைச் சாவடியில் இருளாண்டியை பஸ்ஸை விட்டு இறக்கியபோது அவருடைய பையில் பதினொரு கைக்கடிகாரங்கள் இருந்தன. ஒன்றும் ஓடவில்லை. கூடவே இரண்டு சின்னக் குறடுகள், கண்ணில் பொருத்திப் பார்க்கும் லென்ஸ் ஒன்று, அவித்த மரவள்ளிக் கிழங்கு ஒரு பொட்டலம், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமுள்ள ஒரு கொப்பி. கொப்பி முழுக்க இலக்கங்கள். கண்டியில் குண்டு வெடித்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பைக்குச் சொந்தக்காரர் தமிழர். சாவடியில் நின்ற சிப்பாய்க்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

அப்போது இருளாண்டிக்கு நாற்பத்தைந்து வயது. றத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு தோட்டத்து ஆபீசில் செக்ரோல், அதாவது ஆள் வரவுப் பதிவேடு, எழுதப் போனார். தோட்டத்தில் ஆளுக்கு ஓர் இலக்கம். எல்லாருடைய இலக்கமும் அவருக்கு மனப்பாடம். சில பேருடைய பெயர்தான் மறந்துபோகும். எழுபத்தேழு ஓகஸ்ட் கலவரத்தில் அவர்கள் இருந்த வரிசை வீடான லயம் எரிந்தது. மனைவி பாப்பம்மாவோடும் ஒரு தகரப் பெட்டியோடும் மாத்தளை டவுனுக்கு இறங்கி வந்தார். லாபிர் முதலாளியின் வாட்ச் கடையில் துண்டு எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது.

"எழுத்தெல்லாம் எப்பிடி?" என்று லாபிர் கேட்டார்.

"எழுத்து சுமார்ங்க. இலக்கம் நல்லா எழுதுவேன்."

திருத்த வந்த வாட்ச் ஆள் மாறிப் போகாமலிருக்க, பின்மூடியிலுள்ள இலக்கத்தைத் துண்டில் குறித்துக்கொள்வது கடை வழக்கம். லாபிர் மூடியைத் திறக்கும்போது உள்ளே மெஷினிலும் வேறோர் இலக்கம் இருப்பதை இருளாண்டி பார்த்தார். அதையும் எழுதினார். யாரும் எழுதச் சொல்லவில்லை. சிலர் வாட்ச் வாங்கிய நாள் போட்ட உத்தரவாத அட்டையைக் கொண்டுவருவார்கள். சில வாட்ச்சின் முதுகில் இன்னாருக்கு இன்னார் கொடுத்தது என்று ஆண்டோடு வெட்டியிருக்கும். அதையும் பக்கத்தில் எழுதினார். இப்படியே ஆறு வருடம் எழுதிய பிறகு, இலக்கங்கள் ஆண்டு வாரியாக வரிசையில் நிற்பது தெரிந்தது. ஒமேகா மெஷினில் பதினொரு மில்லியன் என்று தொடங்கினால் நாற்பதுகளின் கடைசி. பதினான்கு மில்லியன் என்றால் ஐம்பத்துநாலை ஒட்டி. சீக்கோ இன்னும் லேசு: இலக்கத்தின் முதல் எண் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். எட்டு என்றிருந்தால் அறுபத்தெட்டா எழுபத்தெட்டா என்ற குழப்பம் வரும். அதைக் கேஸில் இருக்கும் மாடல் இலக்கம் தீர்த்துவைக்கும்.

கேஸுக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் உடல். மெஷினுக்கு உயிர். ஒரு வாட்ச்சின் கேஸ் ஓர் ஆண்டும் மெஷின் வேறோர் ஆண்டும் காட்டினால், யாரோ நடுவில் மெஷினை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட வாட்ச்சுக்கு நேரே 'உடல் வேறு, உயிர் வேறு' என்று எழுதுவார்.

இந்த அறிவால் கடைக்குப் பெரிய நன்மை எதுவும் வரவில்லை. எண்பத்தேழில் கொங்காவளையில் நூருன்னிஸா என்பவரின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு, போன கிழமை டுபாயிலிருந்து வந்த புது சீக்கோ என்று சொல்லி ஒரு வாட்ச் போட்டார்கள். மாப்பிள்ளை பட்டியைச் சின்னதாக்கக் கடைக்கு வந்தார். "இது எழுபத்தொம்பது மே மாசத்து வாட்ச்சுங்க" என்றார் இருளாண்டி. கல்யாணம் இரண்டு நாள் தள்ளிப்போனது.

"இருளாண்டி, இனி ஆராவது கேட்டா மட்டும் செல்லு" என்றார் லாபிர்.

"சரிங்க மொதலாளி."

அதற்குப் பிறகு கேட்டால் மட்டும் சொன்னார். கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். சீகிரியாவில் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டும் ஆட்களில் சிலர் பழைய வாட்ச் வாங்கி விற்றார்கள். அவர்களுக்கு ஆண்டு தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை கடை பூட்டு என்பதால், மாதத்தில் இரண்டு வெள்ளி இருளாண்டி கொப்பியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். தொண்ணூற்றெட்டு பெப்ரவரி ஆறாம் திகதியும் அப்படித்தான் ஏறினார்.

சாவடியிலிருந்து அவரைத் திரும்ப டவுனுக்கே கொண்டுவந்து ஒரு பொலிஸ் நிலையத்தில் வைத்தார்கள். எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. அங்கிருந்த இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சான்றுப் பொருள் அறைக்குப் பொறுப்பாயிருந்த ரவூப் என்ற கான்ஸ்டபிள் உக்குவளைக்காரர், தமிழ் வாசிப்பார். கொப்பியை அவரிடம் கொடுத்து, வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார்கள். ரவூப் நடுவிலே ஒரு பக்கத்தைத் திறந்தார்.

"கண்டி டொக்டர். உடல் ஐம்பத்தெட்டு. உயிர் அறுபத்திரண்டு. உயிர் மாற்றப்பட்டது."

"ம்."

"தம்புள்ளை. வாய் திறக்கவில்லை. நாளை மறுபடி பார்க்க வேண்டும்."

இன்ஸ்பெக்டர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"முகம் தேய்க்கப்பட்டது. அடையாளம் இல்லை." ரவூப்பின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "உக்குவளை முதலாளி. தண்ணீரில் கிடந்தது. உயிர் போய்விட்டது. உடலை மட்டும் எடுத்தோம்."

ரவூப் கொப்பியை மேசையில் வைத்தார். உக்குவளையில் எந்த முதலாளி என்று அவர் யோசிப்பது தெரிந்தது.

"அது பின்மூடிங்க சேர்" என்றார் இருளாண்டி. அவரும் சிங்களம் பேசுவார். "வாய்ன்னா மூடி. துருப்புடிச்சா தெறக்காது. முகம்னா டயல். அழுக்குப் போகத் தேய்ச்சிருக்காங்க, கம்பெனிப் பேரும் சேந்து போயிடுச்சு."

"உக்குவளை முதலாளி?"

"அவரு நல்லாத்தான் இருக்காரு. வாட்ச் கெணத்துல விழுந்துடுச்சு."

உக்குவளைக்கு ஜீப் அனுப்பினார்கள். முதலாளி உயிரோடு இருந்தார். ஆனால் ஜீப்பைக் கண்டதும், இருளாண்டி என்று ஒருவரைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் வேறோர் அதிகாரி வந்து விசாரித்தார். கொப்பியில் உள்ளவை தொலைபேசி இலக்கங்களா, வாகன இலக்கங்களா, துப்பாக்கி இலக்கங்களா என்று கேட்டார். வாட்ச் இலக்கம் என்று இருளாண்டி மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரத்துக்கு அதிகாரி இருளாண்டியை இடது காதோடு சேர்த்து அறைந்தார். பிறகு, வாட்ச்சைக் குண்டில் பொருத்துவது எப்படி என்று கேட்டார். ஓடாத வாட்ச்சைப் பொருத்தி என்ன பண்ணுவது என்று இருளாண்டிக்கு உண்மையாகவே விளங்கவில்லை. விளங்கவில்லை என்றார். அதற்கும் ஓர் அடி விழுந்தது.

ஐந்தாம் நாள் இன்ஸ்பெக்டர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். நிலையத்தில் இருந்த ஏழு பேருடைய வாட்ச்சைக் கழற்றி வாங்கி மேசையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் எப்போது வாங்கியது என்று கேட்டுத் தனித்தாளில் எழுதி, தாளைக் கவிழ்த்து வைத்தார். இருளாண்டிக்கு லென்ஸையும் குறடுகளையும் கொடுத்தார்கள். கொப்பி அவர் கையில் படக்கூடாது. ரவூப்தான் பக்கம் புரட்ட வேண்டும்.

முதல் ஐந்தும் சரியாக வந்தன. ஆறாவது ரவூப்புடைய சீக்கோ.

"எண்பத்தொண்ணு ஒக்டோபர்ங்க" என்றார் இருளாண்டி.

"இல்ல, இது தொண்ணூத்தொண்ணு. புதுசா வாங்கினது. முதல் எண் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். ஆனா இந்த மாடல் தொண்ணூறுல வரலைங்க."

ரவூப் தன் வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இதை வித்தது என் மச்சான்" என்றார்.

ஏழாவது இன்ஸ்பெக்டருடையது. தங்க முலாம் பூசிய ஒமேகா. கல்யாணத்தின்போது மாமனார் போட்டது. நாற்பத்தெட்டில் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் மாமனாரின் தகப்பனுக்குக் கழற்றிக் கொடுத்த வாட்ச் என்று குடும்பத்தில் கதை. இருளாண்டி மூடியைத் திறந்தார். பார்த்தார். திரும்ப மூடினார்.

"என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கேட்டால் சொல்லலாம் என்பது லாபிர் முதலாளி போட்ட சட்டம். இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டார். "உயிரு அறுபத்திரண்டுங்க சேர்" என்றார்.

"கேஸ்?"

"அதுவும் அறுபத்திரண்டுதான். ரெண்டும் ஒத்துப்போகுது. நல்ல வாட்ச்சுங்க. யாரும் கை வைக்கல்ல."

"என் மாமனார் நாற்பத்தெட்டு என்று சொன்னார்."

இருளாண்டி வாட்ச்சைத் துடைத்து அவர் முன்னால் வைத்தார்.

"அவர் இறந்துவிட்டார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்ப கேக்க முடியாதுங்க சேர்."

இன்ஸ்பெக்டர் வாட்ச்சை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து இருளாண்டியை யாரும் அடிக்கவில்லை. பின்னேரங்களில் பிளேன்டீ கொடுத்தார்கள். ஆனால் விடவில்லை. சந்தேக நபர் என்று அறிக்கை ஏற்கெனவே கொழும்புக்குப் போயிருந்தது. சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று அனுப்புவதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை. இதை இன்ஸ்பெக்டரே அவரிடம் சொன்னார்.

பாப்பம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் சோறு கொண்டுவந்தார். லாபிர் கடைப் பத்திரங்களோடு நாலு தரம் வந்து, மூன்று தரம் வாசலோடு திரும்பினார். நாற்பத்தேழாம் நாள் நீதிமன்றம் பிணையில் விட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு நிலையத்துக்கு வந்து ஒப்பமிட வேண்டும். அனுமதி இல்லாமல் டவுனைத் தாண்டக்கூடாது. கொப்பி சான்றுப் பொருள். வழக்கு முடியும்வரை அது நிலையத்தில்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பம்மா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காது கேட்காமல் போய் எவ்வளவு காலம் என்று டொக்டர் கேட்டார். "பெப்ரவரி எட்டு, ஞாயித்துக்கெழம, காலையில பத்தேகாலுங்க" என்றார் இருளாண்டி. டொக்டர் அட்டையில் 'ஆறு கிழமையளவு' என்று எழுதினார். இடது காது பிறகு சரிவரவில்லை. வாட்ச் ஓடுகிறதா என்று அவர் வலது காதில் வைத்துப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

"இனிமே அந்த உயிரு, ஒடம்புன்னெல்லாம் எழுதாதீங்க" என்றார் பாப்பம்மா. "மெஷினுன்னு எழுதுனா கை வலிக்குமா?"

புதுக் கொப்பியில் மெஷின் என்று எழுதினார். அதில் அவருக்கு அவ்வளவு திருப்தி இல்லை.

கடையில் ஆட்கள் ஆண்டு கேட்டார்கள். சீக்கோ என்றால் கொப்பி இல்லாமலே சொல்லுவார். மற்றவற்றுக்கு, "மொதல் ஞாயித்துக்கெழமக்கிப் பொறகு வாங்க" என்பார். முதல் ஞாயிறு ஒப்பமிடப் போகும்போது ஒரு துண்டில் இலக்கங்களை எழுதிக்கொண்டு போய், கொப்பியைப் பார்க்கலாமா என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் சட்டப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு அரை மணி நேரம் தேடினார். சந்தேக நபர் சான்றுப் பொருளை எடுத்துப்போகக் கூடாது, அதில் எழுதக் கூடாது, நகல் எடுக்கக் கூடாது. வாசிக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

அதனால் மாதத்தில் ஒரு நாள் சான்றுப் பொருள் அறையில் இருளாண்டி உட்கார்ந்து வாசித்தார். எதிரே ரவூப் காவல். கேட்டு வந்த இலக்கங்களைப் பார்த்து முடித்த பிறகு ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்வார். மாதம் ஒன்று என்றால் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்குப் பதினேழு வருடமும் எட்டு மாதமும் ஆகும் என்று கணக்குப் பார்த்து ரவூப்பிடம் சொன்னார்.

"அதுக்குள்ள எனக்குப் பென்ஷன் வந்துடும்" என்றார் ரவூப்.

"அடுத்த ஆள் வருவாருங்களே."

இரண்டாயிரமாம் ஆண்டு செப்டெம்பர் முதல் ஞாயிறு முப்பதாம் பக்கத்தை மனப்பாடம் செய்யும்போது ஓரிடத்தில் நின்றார். ஒமேகாவுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் தொண்ணூற்றிநாலில் எழுதிய வரி அது. இராமசாமி, தோட்டத்து மருந்தகத்தில் வேலை செய்த பழைய மருந்துக்காரர். ரிவர்ஸ்டன் பாதையில் ஒரு தோட்டத்தில் இருந்தவர். தோட்டத்துத் துரை ஐம்பத்தொன்றில் கொடுத்ததாக முதுகில் வெட்டிய ஒமேகா. மெஷின் இலக்கம் பதினான்கு மில்லியன். ஐம்பத்தொன்றில் கொடுத்த வாட்ச்சுக்குள் ஐம்பத்துநாலாம் ஆண்டு மெஷின் இருக்க முடியாது. நடுவில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அன்றைக்கு அவர் இராமசாமியிடம் சொல்லியிருந்தார். உடல் வேறு, உயிர் வேறு.

ஆனால் அந்த வரியின் கடைசியில் மெஷினின் வகை இலக்கத்தையும் அவரே எழுதியிருந்தார். அந்த வகை கொப்பியில் வேறு ஒன்பது இடங்களில் வந்தது. ரவூப்பைப் புரட்டச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்பதும் பதினொரு மில்லியன். பதினான்கில் ஒன்றுகூட இல்லை.

"ரவூப் சேர், நா இதத் தப்பா வாசிச்சிருக்கேன்."

"எதை?"

"ஒண்ண நாலுன்னு எழுதியிருக்கேன்."

"அடிச்சுத் திருத்த ஏலாது. சான்றுப் பொருள்."

அது இருளாண்டிக்குத் தெரியும். அன்று அவர் வேறு எதையும் மனப்பாடம் செய்யவில்லை. வீட்டில் சோறும் சரியாகச் சாப்பிடவில்லை. பொலிஸில் இருந்த நாற்பத்தேழு நாளில்கூட அவர் இப்படி இருந்ததில்லை என்று பாப்பம்மா பிறகு சொன்னார். அப்போது அவர் பக்கம் பிழை இல்லை, இப்போது இருந்தது.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரிடம் போய் டவுனைத் தாண்ட அனுமதி கேட்டார். காரணம் என்ன என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு இலக்கத்தத் திருத்தணுங்க சேர்."

"தொலைபேசியில் சொல்லேன்."

"அவருகிட்ட போன் இல்லீங்க. அதோட மூடியத் தெறந்து பாக்காம சொல்லக் கூடாது. போன தடவ பாத்துமே பெசகிட்டேன்."

இன்ஸ்பெக்டர் தன் கையிலிருந்த வாட்ச்சை ஒரு தரம் பார்த்தார். பிறகு கடிதம் எழுதிக் கொடுத்தார். 'மேற்படி நபர் கைக்கடிகாரம் ஒன்றின் வயதைத் திருத்தும் பொருட்டுப் பயணிக்கிறார்.' போகிற வழியில் இரண்டு சாவடிகள். இரண்டிலும் சிப்பாய்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்கள்.

இராமசாமிக்கு எழுபத்திரண்டு வயது. தோட்டத்து லயத்தில் முதல் காம்பராவில், முதல் அறை வீட்டில், இருந்தார். இருளாண்டி வந்த காரணத்தைச் சொன்னதும், உள்ளே போய், துணியில் சுற்றிய வாட்ச்சைக் கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் வெளிச்சத்துக்கு நேரே வைத்து இருளாண்டி மூடியைத் திறந்தார். லென்ஸில் பார்த்தார். ஒன்று என்ற எண்ணுக்கு மேல் குறுக்கே ஒரு கீறல். எப்போதோ யாருடைய குறடோ வழுக்கிய கீறல்.

"ஒண்ணுதாங்கய்யா. நாலு இல்ல. இது நாப்பத்தொம்பதாம் வருசத்து மெஷின். தொரை குடுத்தப்ப இருந்த மெஷினேதான். யாரும் மாத்தல்ல. என் மேலதான் பெசகு."

இராமசாமி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இத எழுபதுல என் தம்பி சுந்தரலிங்கந்தான் கண்டிக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோனான்" என்றார். "அவந்தான் மெஷின மாத்தி வித்துட்டான்னு நெனச்சேன். நீ சொன்ன நாள்லேருந்து அவன்கூட நா பேசல்ல. ஆறு வருசம்."

"எங்க இருக்காருங்க தம்பி?"

"நாலாவது காம்பரா."

லயத்தில் எல்லாமாக எட்டுக் காம்பராக்கள். இருவருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். ஆறு வருடம் அந்தக் குழாயடியில் இருவரும் எப்படி நின்றிருப்பார்கள் என்று இருளாண்டி நினைத்துப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். இராமசாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கிட்ட சொல்லி என்ன? அவங்கிட்ட போய்ச் சொல்லு. எனக்கு மொகம் இல்ல."

சுந்தரலிங்கம் வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். இருளாண்டி நின்றபடியே முழுக் கதையையும் சொன்னார். பதினான்கு, பதினொன்று, கீறல், தன் பிழை. சுந்தரலிங்கம் வேலையை நிறுத்தாமலே கேட்டார். முடிந்ததும் நிமிர்ந்தார்.

"வாட்ச்சுக்காகவா அண்ணன் பேசாம இருந்துச்சு?"

"ஆமாங்க."

"நா ஆட்டுக்காகன்னுல்ல நெனச்சேன்."

தொண்ணூற்றிநாலில் சுந்தரலிங்கத்தின் ஆடு இராமசாமியின் போஞ்சிச் செடிப் பாத்தியை முழுக்க மேய்ந்துவிட்டதாம். ஒரு பாத்திக்கு ஆறு வருடம் பேசாமல் இருப்பது அதிகம் என்று அவருக்கும் ஒரு கோபம். அதனால் அவரும் பேசவில்லை.

மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு முதல் காம்பராவுக்கு நடந்தார். இருளாண்டி பின்னால் போனார். அண்ணன் இன்னும் வாசற்படியில்தான் இருந்தார்.

"வாட்ச்சுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார் தம்பி.

"கேட்டிருக்கலாம்" என்றார் அண்ணன். பிறகு, "எந்த ஆடு?" என்றார்.

"அந்தக் கருப்பு ஆடு."

"அதுவா மேஞ்சது? நா முள்ளம்பன்னின்னு நெனச்சேன்."

அதன் பிறகு ஆட்டைப் பற்றிச் சண்டை வந்தது. நல்ல சத்தமான சண்டை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். இராமசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே தம்பியைத் திட்டினார். இருளாண்டிக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். குடித்துவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தார். வழியெல்லாம் பனி மூட்டம். சாவடியில், காரியம் முடிந்ததா என்று சிப்பாய் கேட்டார். முடிந்தது என்றார்.

இரண்டாயிரத்திரண்டில் சமாதானப் பேச்சு வந்தபோது, அவருடையதைப் போன்ற பல வழக்குகளோடு அதுவும் கைவிடப்பட்டது. கொப்பி திரும்பிவந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நீதிமன்ற முத்திரை, சிவப்பு மையில். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் முப்பதாம் பக்கத்தை எடுத்து நாலை அடித்து ஒன்று என்று எழுதி, பக்கத்தில் திகதி போட்டார். முத்திரையைக் கண்ட சீகிரியா வழிகாட்டிகள் அதை அரசாங்கம் அங்கீகரித்த பதிவேடு என்று வெள்ளைக்காரர்களிடம் சொன்னார்கள். கேட்டவர்களிடம் இருளாண்டி, "இல்லீங்க, இது வழக்குக்கு அடிச்ச சீல்" என்று விளக்கினார். அதற்குப் பிறகு அவர்கள் இன்னும் நம்பினார்கள்.

இராமசாமி இரண்டாயிரத்தேழில் காலமானார். அடுத்த மாதம் சுந்தரலிங்கம் மாத்தளைக்கு வந்து, துணியில் சுற்றிய வாட்ச்சைக் கடைக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

"அண்ணன் எனக்குன்னு சொல்லி வச்சுட்டுப் போச்சு. எந்த வருசம்னு எழுதிக் குடுங்க. புள்ளைங்க பின்னால கேக்கும்."

இருளாண்டிக்கு அது நினைவில்தான் இருந்தது. இருந்தாலும் லென்ஸைப் பொருத்தி, மூடியைத் திறந்து, இலக்கத்தை இரண்டு தரம் வாசித்து, கொப்பியோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் துண்டை எடுத்தார்.